வாய்தாவும் ஜாமீனும்

எங்கள் படிப்பு வட்டம் ஒரு தகரக் கொட்டகையில் நடக்கிறது. இடம் கர்நாடகம். ஒரு பெரிய நகரத்தின் ஓரம். சுற்றிலும் மாடிக் கட்டடங்கள் எழும்புகின்றன. அவற்றைக் கட்டும் கொத்தனார்கள், கம்பி கட்டுபவர்கள், சித்தாள்கள் இங்கே குடியிருக்கிறார்கள். பலருக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கம். வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, இரவு எட்டு மணிக்குப் புத்தகத்தோடு வருவார்கள்.

ஒருநாள் கொத்தனார் அண்ணன் புத்தகம் இல்லாமல் வந்தார். கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

"வாத்தியாரே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

விரித்துப் பார்த்தேன். முழுக்கக் கன்னடம். எனக்குக் கன்னடம் பேச வரும். படிக்க வராது. அண்ணன் என் முகத்தையே பார்த்தார்.

"உங்களுக்கும் தெரியாதா?"

அந்த நிமிடம் நானும் எழுத்து தெரியாதவன்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

பக்கத்து மளிகைக் கடைக்காரரிடம் போனோம். அவர் படித்துச் சொன்னார். அது கோர்ட்டுக் காகிதம். அண்ணனின் தம்பிக்கு ஜாமீன் கிடைத்திருந்தது. ஆனால் தம்பி வெளியே வரவில்லை. ஜாமீன் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் அவர் ஜெயிலில்தான் இருந்தார்.

ஜாமீன் கிடைத்த பிறகும் ஒருவர் ஏன் ஜெயிலில் இருக்க வேண்டும்? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

நடந்தது என்ன?

தம்பிக்குக் கம்பி கட்டும் வேலை. வேலை நடந்த இடத்தில் சில கட்டுக் கம்பிகள் காணாமல் போயின. தம்பி வண்டியில் கம்பி ஏற்றியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். போலீஸ் தம்பியைப் பிடித்தது.

"மேஸ்திரி ஏத்தச் சொன்னாரு. ஏத்தினேன்" என்றார் தம்பி.

"நான் சொல்லவே இல்லை" என்றார் மேஸ்திரி.

மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இது நம் அரசியல் சட்டம் சொல்வது. அது சரியாகவே நடந்தது. பதினைந்தாம் நாள் ஜாமீனும் கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். இருபதாயிரம் ரூபாய்க்கு ஓர் ஆள் ஜாமீன் நிற்க வேண்டும். அந்த ஆளுக்கு உள்ளூரில் சொத்து இருக்க வேண்டும்.

"ஊர்ல எங்களுக்கு அரை ஏக்கர் இருக்கு. பட்டா என் பேர்லதான் இருக்கு. எடுத்துக்கிட்டுப் போனேன். இது இங்கே செல்லாதுன்னுட்டாங்க" என்றார் அண்ணன்.

இந்த நகரத்தில் எத்தனையோ வீடுகளுக்குச் சுவர் எழுப்பியவர் அவர். ஜாமீன் நிற்க ஒரு வீட்டுக்காரரும் கிடைக்கவில்லை.

இன்னொரு கொத்தனாரின் கதை

இது புதிய கஷ்டம் இல்லை. 1978ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற ஏழைக் கொத்தனாருக்கு இதே கஷ்டம் வந்தது. அவரை ஜாமீனில் விடும்படி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கீழ்க் கோர்ட்டு பத்தாயிரம் ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டது. அந்தக் காலத்துப் பத்தாயிரம்! அவருடைய அண்ணனோ தம்பியோ ஒருவர் ஜாமீன் நிற்க முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று கோர்ட்டு மறுத்துவிட்டது.

கொத்தனார் மீண்டும் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கைக் கேட்டவர் நீதிபதி கிருஷ்ண ஐயர். தெற்கே இருந்து போன ஏழை வடக்கே கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள ஆளுக்கு எங்கே போவார் என்று அவர் கேட்டார். வேறு மாவட்டத்துக்காரர் என்பதற்காக ஒருவரைத் தள்ளக் கூடாது என்றார். கொத்தனாரை ஆயிரம் ரூபாய்க்குச் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார்.

சொந்த ஜாமீன் என்றால் என்ன? வேறு ஆள் வேண்டாம். "கூப்பிடும்போது வருவேன். வராவிட்டால் இவ்வளவு பணம் கட்டுவேன்" என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது.

தீர்ப்பு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் கொத்தனார் அண்ணன் தன் பட்டாவை மடித்துக்கொண்டு திரும்பி வந்தார். தீர்ப்பு டில்லியில் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல அவர் பக்கத்தில் யாரும் இல்லை.

நாலில் மூன்று பேர்

அடுத்த ஆண்டு, 1979இல், பீகார் ஜெயில்கள் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தது. விசாரணையே முடியாமல் பலர் வருஷக்கணக்காக உள்ளே கிடந்தார்கள். சிலர் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு உரிய முழுத் தண்டனையை விட அதிக காலம் ஜெயிலில் இருந்துவிட்டார்கள். புஷ்பா கபிலா ஹிங்கோரானி என்ற வக்கீல் அம்மா இவர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வழக்கை விரைவாக விசாரிப்பது ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. ஏழைக்கு இலவச வக்கீல் கிடைப்பதும் உரிமைதான் என்று சொன்னது. ஆயிரக்கணக்கானோர் விடுதலை ஆனார்கள்.

இன்னும் அந்த நிலை முழுவதும் மாறவில்லை. 2022 டிசம்பர் முடிவில் இந்திய ஜெயில்களில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, குற்றம் செய்தார்கள் என்று இன்னும் தீர்ப்பு ஆகாதவர்கள். நாலு பேரில் மூன்று பேர்!

வேகம் வந்தது

வழக்கு ஏன் இழுக்கிறது? சாட்சி வரமாட்டார். சாட்சி வந்தால் வக்கீல் வரமாட்டார். இரண்டு பேரும் வந்தால் கைதியைக் கூட்டிவரப் போலீஸ் இருக்காது. உடனே வாய்தா. வாய்தா என்றால் வழக்கைத் தள்ளிப்போடும் தேதி. நம் ஆட்களுக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி.

இதை மாற்றப் புதிய சட்டங்கள் வந்தன. அவை 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. கோர்ட்டு நடைமுறைக்கு உரிய சட்டத்தின் பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. பெயர் நம் வாயில் நுழைவது கஷ்டம். ஆனால் அதில் உள்ள சில விஷயங்கள் நமக்குத் தெரிய வேண்டும்.

தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலும் ஒருவருக்கு இரண்டு வாய்தாவுக்கு மேல் தரக் கூடாது. செஷன்ஸ் கோர்ட்டில் வாதம் முடிந்த 30 நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். காரணம் எழுதி 45 நாள் வரை நீட்டலாம். குற்றப்பத்திரிகையின் நகலை நமக்கு இலவசமாகத் தர வேண்டும். கோர்ட்டில் ஆஜரான 14 நாளுக்குள் தர வேண்டும். சம்மனை எலெக்ட்ரானிக் முறையிலும் அனுப்பலாம். கைதியின் காவலை நீட்டிக்க ஒவ்வொரு முறையும் அவரைக் கூட்டிவர வேண்டியதில்லை. வீடியோ மூலம் காட்டினால் போதும்.

விசாரணைக் கைதிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் முறை வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால், அவரைக் கோர்ட்டு ஜாமீனில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனை தரக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒருவர் மேல் பல வழக்குகள் இருந்தாலும் பொருந்தாது.

கோர்ட்டுகளைக் கம்ப்யூட்டர் மயமாக்கும் வேலை 2007 முதல் நடக்கிறது. அதன் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் மத்திய அரசு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. இப்போது ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு எண் உண்டு. அதற்கு சி.என்.ஆர். எண் என்று பெயர். எழுத்தும் இலக்கமும் சேர்ந்து மொத்தம் 16. அந்த எண்ணைப் போனில் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும். வக்கீல் குமாஸ்தாவைத் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது வழக்கு இருந்தால் இந்த எண்ணைக் கேட்டு வாங்கி நோட்டில் எழுதி வையுங்கள்.

இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் வீடியோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வாய்தா நாளில் தம்பியைப் போன்றவர்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிவருவார்கள். வராந்தாவில் வீட்டார் முகம் பார்ப்பார்கள். நாலு வார்த்தை பேசுவார்கள். வக்கீலிடம் ரகசியமாக ஒரு விஷயம் சொல்ல முடியும். வீடியோவில் ஒரு நிமிடத்தில் தேதி சொல்லி முடித்துவிடுகிறார்கள். அண்ணன் இரண்டு முறை கோர்ட்டுக்குப் போனார். திரையில் தம்பியின் தலை மட்டும் தெரிந்ததாம். "இளைச்சிட்டானான்னுகூடத் தெரியலை" என்றார். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் நேரம் மிச்சம். தம்பிக்கு என்ன மிச்சம்?

"ஒத்துக்கொண்டால் இன்றே வீட்டுக்கு"

ஏழாவது வாரம் குற்றப்பத்திரிகை வந்தது. அப்போது கோர்ட்டு வாசலில் சுற்றும் ஓர் ஆள் அண்ணனிடம் ஒரு யோசனை சொன்னார்.

"எதுக்கு அலையறே? தப்புப் பண்ணினேன்னு தம்பியை ஒத்துக்கச் சொல்லு. உள்ளே இருந்த நாளைத் தண்டனையிலே கழிச்சிடுவாங்க. சின்ன அபராதம் போடுவாங்க. அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம்."

அண்ணனுக்கு இது சரியாகத் தோன்றியது. அண்ணிக்கும் சரியாகத் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் தோன்றியது. ஜாமீனுக்கு ஆள் இல்லை. வழக்கு எப்போது முடியும் என்று தெரியாது. ஒத்துக்கொண்டால் முடிந்தது.

வட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். சித்தாள் வேலை. அதிகம் பேசமாட்டார். அவர்தான் கேட்டார்.

"அப்புறம் ஆயுசுக்கும் அவன் திருடன்தானே? அதை யார் கழிப்பாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை.

அக்கா சொன்னது சட்டத்திலும் இருக்கிறது. திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை மூன்று வருஷம். ஆனால் ஒரு முறை தண்டனை பெற்றவர் மேல் மறுபடி திருட்டுக் குற்றம் ருசுவானால் கதை வேறு. அப்போது குறைந்தது ஒரு வருஷம் கடுங்காவல். ஐந்து வருஷம் வரை போகலாம். கட்டட வேலையில் பொருள் காணாமல் போவது புதிதா? அடுத்த தடவை யார் மேல் முதலில் சந்தேகம் விழும்?

குற்றத்தை ஒத்துக்கொண்டு குறைந்த தண்டனை பெறுவதற்குச் சட்டத்திலேயே ஒரு முறை இருக்கிறது. இதைத் தண்டனைப் பேரம் என்பார்கள். 2006 முதல் நடப்பில் உள்ளது. ஏழு வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு இது கிடையாது. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கும் கிடையாது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கும் கிடையாது. மனு போட்டவரை நீதிபதி தனியாக விசாரிக்க வேண்டும். தானாக விரும்பித்தான் ஒத்துக்கொள்கிறாரா, யாராவது மிரட்டினார்களா என்று பார்க்க வேண்டும். உண்மையிலேயே தவறு செய்தவருக்கு இது ஒரு நல்ல வழியாக இருக்கலாம். செய்யாதவர் ஜெயிலுக்குப் பயந்து ஒத்துக்கொண்டால்? வழக்கு விரைவாக முடிந்துவிடும். கணக்கில் ஒரு வழக்குக் குறையும். நியாயம் நடந்ததா?

எனக்குத் தெரிந்து, வக்கீலிடம் பேசாமல் யாரும் குற்றத்தை ஒத்துக்கொள்ளக் கூடாது. அவசரம் நம்முடையதா, மற்றவருடையதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இலவச வக்கீல்

"வக்கீலுக்குப் பணம்?" என்றார் அண்ணன்.

பணம் வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. 1995 நவம்பர் 9 முதல் அது நடப்பில் உள்ளது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர், வெள்ளம் பூகம்பத்தில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. காவலில் இருப்பவருக்கும் உண்டு. இவர்களுக்கு வருமானக் கணக்குக் கிடையாது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கேட்டால்தான் தருவார்கள் என்பதும் இல்லை. 1986இல் அருணாசலப் பிரதேசத்து வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வக்கீல் இல்லாமலே விசாரித்து ஒருவருக்கு இரண்டு வருஷம் தண்டனை கொடுத்திருந்தார்கள். அவர் வக்கீல் கேட்கவில்லையே என்று அரசு சொன்னது. கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது, மாஜிஸ்திரேட்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

நாங்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். நாடு முழுவதும் சட்ட உதவிக்கு ஒரே எண் இதுதான். இலவசம். பிறகு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனோம். அது கோர்ட்டு வளாகத்திலேயே இருந்தது. அண்ணன் அந்த வாசலைத் தாண்டித்தான் இத்தனை நாள் போய் வந்திருக்கிறார். பலகையைப் படிக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

அங்கே ஒரு சட்டத் தன்னார்வலர் அம்மா இருந்தார். அண்ணன் தமிழும் கன்னடமும் கலந்து சொன்னதைக் கேட்டு, அவரே கன்னடத்தில் மனு எழுதினார். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் போதும் என்றார். படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினார். அண்ணன் தன் பெயரைத் தமிழில் எழுதினார். மூன்று மாதம் முன்பு என்றால் கைநாட்டுத்தான்.

ஒரு வக்கீலைக் கொடுத்தார்கள். இளம் வயது. அவர் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவைக் கோர்ட்டில் காட்டினார். ஜாமீன் கிடைத்தவர் ஏழு நாளில் வெளியே போகாவிட்டால், ஜெயில் அதிகாரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் ஆள் கிடைக்காவிட்டால், யாரும் கேட்காமலே கோர்ட்டு நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்பதே ஜாமீனைத் தாமதப்படுத்துகிறது என்றும் அதில் உள்ளது.

ஆள் ஜாமீன் நிபந்தனையை மாஜிஸ்திரேட் நீக்கினார். தம்பி ஐயாயிரம் ரூபாய்க்குச் சொந்த ஜாமீன் எழுதிக் கொடுத்தார். வெளியே வரும்போது 62 நாள் ஆகியிருந்தது. 62 நாள் கூலியும் போனது. அதில் 47 நாள் ஜாமீன் கிடைத்த பிறகு இருந்த நாள்.

அந்தச் சீட்டு

வக்கீல் தம்பியை எங்கள் கொட்டகையில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். கம்பி எத்தனை மணிக்கு ஏற்றினீர்கள்? யார் வண்டி? டிரைவருக்குப் பணம் கொடுத்தது யார்?

கடைசியில் ஒன்று கேட்டார். "வண்டி வெளியே போக வாட்ச்மேன் சீட்டுக் கேட்பாரே. அந்தச் சீட்டில் யார் கையெழுத்து?"

தம்பி நிமிர்ந்து பார்த்தார். "மேஸ்திரி கையெழுத்துங்க."

இரண்டு மாதத்தில் இதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஒத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் எப்போதும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. கட்டட முதலாளிதான் முதல் சாட்சி. அவருக்காக இரண்டு வாய்தா கேட்டார்கள். மூன்றாவது கேட்டபோது மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். இதைப் புதிய சட்டத்தின் நல்ல பக்கம் என்று சொல்வேன். முதலாளி வந்து சாட்சி சொன்னார். சொன்னதைத் தம்பிக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று வக்கீல் கேட்டுக்கொண்டார். சாட்சி பேசுவது புரியாவிட்டால், புரியும் மொழியில் கேட்பதும் உரிமைதான். சீட்டைக் கொண்டுவரும்படி கோர்ட்டு உத்தரவு போட்டிருக்கிறது. தம்பி வாரம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷன் போய்க் கையெழுத்துப் போடுகிறார். அன்று அரை நாள் கூலிதான்.

எழுதிப் பழகுவோம்

கீழே உள்ளது சட்ட உதவி கேட்கும் மனு. பார்த்து உங்கள் நோட்டில் எழுதுங்கள். கோடு உள்ள இடத்தில் உங்கள் விவரம் எழுதுங்கள். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அந்த மாநில மொழியில் எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்கலாம்.

அனுப்புநர்:
பெயர் ____________
இருக்கும் இடம் ____________

பெறுநர்:
செயலாளர்,
மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு,
____________ மாவட்டம்.

ஐயா / அம்மா,

என் ____________ (உறவு) ____________ தேதியில் கைது செய்யப்பட்டார். இப்போது ____________ ஜெயிலில் இருக்கிறார். வழக்கு ____________ கோர்ட்டில் நடக்கிறது. சி.என்.ஆர். எண் ____________. அடுத்த வாய்தா ____________.

அவருக்கு ஜாமீன் கிடைத்துள்ளது / கிடைக்கவில்லை. ஜாமீன் நிற்க ஆள் இல்லை. வக்கீல் வைக்க எங்களிடம் பணம் இல்லை. அவருக்கு இலவச வக்கீல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வக்கீல் அவரை ஜெயிலில் நேரில் பார்த்துப் பேச ஏற்பாடு செய்யும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மனுவை எனக்குப் படித்துக் காட்டினார்கள். புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

தேதி ____________
கையெழுத்து ____________